வீட்டுக்கு எத்தனை வாசல்?

வெளியூர் கிளம்பும்போது நம் வீடுகளில் நடக்கும் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்டி, கூஜா, குழந்தைகள் எல்லாம் டாக்ஸியில் ஏறியாகிவிடும். வீட்டுக்காரர் வாசல் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். வண்டி தெருமுனைக்குப் போனதும் அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிடும்: "கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமோ?" டாக்ஸி திரும்பும். கொல்லைக் கதவு ஒழுங்காகத் தாழிட்டபடியே இருக்கும். ஆனாலும் பார்த்துவிட்டு வந்தால்தான் நிம்மதி.

இவ்வளவு ஜாக்கிரதையான குடும்பத்தின் வீட்டில் இன்றைக்கு என்னென்ன இருக்கின்றன என்று கணக்கு எடுத்துப் பார்ப்போம். வாசல் நிலையில், மணியை அழுத்துகிறவரின் முகத்தைப் படம் பிடிக்கும் காமிரா. கூடத்தில், இன்டர்நெட்டோடு இணைந்த டெலிவிஷன். அதன் பக்கத்தில், "பாட்டுப் போடு" என்றால் பாட்டுப் போடுகிற சின்ன ஒலிபெருக்கி. படுக்கை அறையில், டெலிபோனிலிருந்தே இயக்கக்கூடிய ஏ.ஸி. தொட்டிலுக்கு மேலே, குழந்தையைக் கவனித்துக்கொள்ள இன்னொரு காமிரா. சில வீடுகளில் தரையைத் தானே பெருக்கும் யந்திரமும் வந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் 'ஸ்மார்ட்' சாமான்கள் என்று கடைக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரச் சாமான்கள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றின் கெட்டிக்காரத்தனத்துக்குக் காரணம் என்ன? ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது வைஃபை வழியாக வெளியுலகத்தோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. வெளியே பேச ஒரு வழி இருந்தால், அந்த வழியாகப் பிறர் உள்ளே வரவும் கூடும் அல்லவா? ஆக, பத்துச் சாமான் வாங்கிய வீட்டுக்குப் புதிதாகப் பத்து வாசல் முளைத்திருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள்களைப் பார்ப்பதற்காக டாக்ஸியை யாரும் திருப்புவதில்லை.

படம் போகும் பாதை

ஆபீஸில் இருக்கும் ஒரு தாயார், மத்தியானம் டெலிபோனைத் திறந்து, வீட்டில் குழந்தை தூங்குகிறதா என்று பார்க்கிறார். தொட்டிலிலிருந்து கைக்குப் படம் நேரே வந்துவிட்டதாகத்தான் தோன்றும். பெரும்பாலான காமிராக்களில் அப்படி நடப்பதில்லை. படம் முதலில் வீட்டு மூலையில் விளக்குகள் மினுக்கிக்கொண்டு கிடக்கும் ரூட்டர் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து காமிராக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்தக் கம்ப்யூட்டர் வேறு ஊரில் இருக்கலாம். வேறு தேசத்திலும் இருக்கலாம். அதன் பிறகே தாயாரின் டெலிபோனுக்கு வந்து சேருகிறது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆகவே மூன்று இடங்களில் பூட்டு வேண்டும். ஒன்று, சாமானில். இரண்டாவது, ரூட்டரில். மூன்றாவது, கம்பெனியில் நம் பெயரில் இருக்கும் கணக்கில். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய இருக்கின்றன.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் குரல்

2019 டிசம்பரில் அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாகாணத்தில் நடந்த சம்பவம் இது. ராத்திரி வேலைக்குப் போகும் ஒரு தாயார், வேலை செய்யும் இடத்திலிருந்தே பெண் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களுடைய அறையில் 'ரிங்' என்ற கம்பெனியின் காமிராவை மாட்டினார். மாட்டி நாலு நாள்தான் ஆயிற்று. எட்டு வயதுப் பெண்ணுக்கு அறைக்குள்ளிருந்து ஏதோ பாட்டுக் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. ஒரு ஆண் குரல் மட்டும் பேசியது. "யார் அது?" என்று குழந்தை கேட்டாள். "நான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா" என்றது குரல். அறையைக் கலைத்துப் போடச் சொன்னது. டெலிவிஷனை உடைக்கலாம் என்றும் சொன்னது. குழந்தை அலறி அம்மாவைக் கூப்பிட்டாள்.

காவலுக்கு என்று வாங்கிய காமிராவே அந்நியனின் கண்ணும் வாயும் ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் இப்படிப் பல வீடுகளிலிருந்து புகார்கள் வந்தன. கம்பெனி சொன்ன விளக்கம் நாம் எல்லோரும் கவனிக்க வேண்டியது. தங்கள் கம்ப்யூட்டரை யாரும் உடைக்கவில்லை. வேறு எங்கோ களவு போன பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் கொண்டுவந்து, இங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றது கம்பெனி.

இது எப்படி என்றால், ஒரு வீட்டில் வாசல் கதவு, பீரோ, நகைப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவியை என்றைக்கோ துணிக்கடையில் மறந்து வைத்துவிட்டு வந்தாகிவிட்டது. பிறகு எத்தனை பூட்டுத் தொங்கினால் என்ன? பழைய சாமான் வாங்கும் இடத்திலும், ரயில் டிக்கட் எடுக்கும் இடத்திலும், காமிராவிலும் ஒரே பாஸ்வேர்டை வைப்பது இந்தக் காரியம்தான். 2020 பிப்ரவரியிலிருந்து அந்தக் கம்பெனி, பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவதாக ஒரு ரகசிய எண்ணும் கேட்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

"எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?"

"எங்கள் வீட்டில் ராணுவ ரகசியமா இருக்கிறது? ரசம் வைப்பதையும் துணி மடிப்பதையும் எவன் பார்த்தால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் திருடனுக்கு எல்லாச் சமயத்திலும் நம் வீட்டுப் பண்டம் தேவைப்படுவதில்லை. நம் வீட்டு யந்திரத்தின் உழைப்பே அவனுக்குப் போதும்.

2016-ல் 'மிராய்' என்ற ஒரு விஷமப் புரோகிராம் கிளம்பியது. அதன் வேலை மிகவும் எளிது. இன்டர்நெட்டில் தெருத் தெருவாகப் போய், காமிரா, ரூட்டர் முதலிய சாமான்களின் கதவைத் தட்டும். தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்கும். அட்மின்–அட்மின், ரூட்–12345 என்று அறுபது சொச்சம் ஜோடிகள் அதன் பையில் இருந்தன. அவ்வளவுதான் அதன் மூலதனம். இந்த அறுபது சாவிகளைக் கொண்டே, உச்ச கட்டத்தில் சுமார் 6 லட்சம் சாமான்களை அது தன் படையில் சேர்த்துக்கொண்டது. சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. காமிரா படம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. இன்டர்நெட் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று சிலர் நினைத்திருக்கலாம்.

2016 அக்டோபர் 21-ஆம் தேதி இந்தப் படை, 'டைன்' என்ற அமெரிக்கக் கம்பெனி மீது ஏவப்பட்டது. இன்டர்நெட்டுக்கு டெலிபோன் டைரக்டரி போன்ற ஒரு வசதியை நடத்திவந்த கம்பெனி அது. ஒரே சமயத்தில் எண்ணற்ற காமிராக்களும் பெட்டிகளும் அதைக் கூப்பிட்டுத் திணறடித்தன. டைரக்டரி படுத்ததும் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாடிஃபை போன்ற பிரபல இடங்கள் பலருக்கும் பல மணி நேரம் எட்டாமல் போயின.

மிராயை உண்டாக்கியவர்கள் யார் தெரியுமா? இருபது, இருபத்தொரு வயது இளைஞர்கள் மூன்று பேர். 'மைன்கிராஃப்ட்' என்ற விளையாட்டை நடத்தும் கம்ப்யூட்டர்களின் தொழிற்போட்டியிலிருந்து ஆரம்பித்த வினை அது. அவர்களில் ஒருவன் அந்தப் புரோகிராமை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். அக்டோபர் தாக்குதல் அதை எடுத்துக்கொண்ட வேறு கைகளின் வேலை. மூவரும் 2017 டிசம்பரில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018-ல் 5 வருஷ நன்னடத்தைக் காவலும் 2,500 மணி நேர சமூக சேவையும் தண்டனையாகக் கிடைத்தன.

இன்னொரு கதை மீன் தொட்டியைப் பற்றியது. அமெரிக்கப் பக்கத்துச் சூதாட்ட விடுதி ஒன்றில் அழகுக்காக ஒரு பெரிய மீன் தொட்டி வைத்திருந்தார்கள். தண்ணீரின் சூட்டையும் சுத்தத்தையும் அளந்து சொல்ல, இன்டர்நெட்டோடு இணைந்த கருவி அதில் இருந்தது. அந்தக் கருவி வழியாகத் திருடர்கள் விடுதியின் மற்றக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து, 10 ஜிகாபைட் அளவுக்குத் தகவல்களை பின்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 'டார்க்ட்ரேஸ்' என்ற பாதுகாப்புக் கம்பெனி 2017-ல் வெளியிட்ட விவரம் இது. மீன் தொட்டி வழியாக விடுதிக்குள் போகலாம் என்றால், பல்பு வழியாக வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போக முடியாதா? முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள். 2020-ல் ஒரு பெயர் பெற்ற கம்பெனியின் பல்பில் அப்படி ஒரு ஓட்டை இருந்ததைச் சொன்னார்கள். கம்பெனியும் அதை அடைத்தது.

விற்றவர்களின் கண்

பூட்டை உடைத்து வருகிறவன் ஒரு ரகம். பூட்டைச் செய்து விற்றவரே எட்டிப் பார்ப்பது இன்னொரு ரகம்.

மேலே சொன்ன ரிங் கம்பெனியின் மீது அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2023-ல் வழக்குத் தொடர்ந்தது. 2017-ல் அந்தக் கம்பெனியின் ஊழியர் ஒருவர், பெண் வாடிக்கைக்காரர்களின் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் இருந்த காமிராக்களின் படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

டெலிவிஷனும் லேசுப்பட்டதல்ல. 'விஸியோ' கம்பெனி, 1 கோடி 10 லட்சம் டெலிவிஷன்களில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைச் சொந்தக்காரர்களின் சம்மதம் இல்லாமல் குறித்துக்கொண்டது. அதை விற்றும் வந்தது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியது. நாம் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டெலிவிஷன் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

பேசும் ஒலிபெருக்கியின் கதை இன்னும் வேடிக்கையானது. 2018-ல், ஆரிகன் மாகாணத்தில் போர்ட்லண்டு நகரத்துத் தம்பதி வீட்டில் மரத்தரை போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு முழுவதும் பதிவாகி, வேறு ஊரில் இருந்த கணவரின் ஊழியர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்தான் பதறிப்போய், "உங்கள் யந்திரத்தைப் பிடுங்கி விடுங்கள்" என்று டெலிபோன் செய்தார். பேச்சில் வந்த ஏதோ ஒரு சொல்லைத் தன் பெயர் என்றும், மற்றொன்றை "அனுப்பு" என்ற உத்தரவு என்றும் யந்திரம் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டது என்று அமேஸான் கம்பெனி சமாதானம் சொன்னது. பேச்சு மரத்தரையைப் பற்றியதாக இருந்தது அந்தத் தம்பதியின் அதிர்ஷ்டம். நம் கூடங்களில் உறவுக்காரர்களைப் பற்றி நடக்கும் பேச்சு அந்த உறவுக்காரர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்!

குழந்தைகளின் பொம்மைகூட விதிவிலக்கல்ல. 'கேய்லா' என்று ஒரு பேசும் பொம்மை. அதற்குள் மைக்கும் ஒலிபெருக்கியும் உண்டு. வீட்டுக்கு வெளியே, சுமார் 10 மீட்டர் தூரத்துக்குள் நிற்கும் எவரும் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் தம் டெலிபோனை அதோடு இணைத்துக்கொண்டு குழந்தையோடு பேசலாம் என்ற நிலை இருந்தது. 2017 பிப்ரவரியில் ஜெர்மன் அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை, அந்தப் பொம்மையை ஒளித்து வைத்த ஒற்றுக் கருவி என்று தீர்மானித்து விற்பனைக்குத் தடை போட்டது. வாங்கிய பெற்றோர்கள் அதை அழித்துவிட வேண்டும் என்றும் சொன்னது.

அடுத்த ஊர்ச் சங்கதி அல்ல

இதெல்லாம் சீமையில் நடப்பது என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. 2025 பிப்ரவரியில் குஜராத் மாகாணமே திடுக்கிட்டது. ராஜ்கோட் நகரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் இருந்த காமிராவின் படங்கள் திருடப்பட்டு, டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டன. டாக்டரிடம் நம்பிக்கையோடு போன பெண்களின் மானம் சந்தைக்கு வந்துவிட்டது. போலீஸார் பல ஊர்களிலிருந்து ஆட்களைக் கைது செய்தார்கள். விசாரிக்கப் போனால், இன்னும் பல இடங்களின் காமிராப் படங்களும் அவர்களிடம் இருந்தன. ஆஸ்பத்திரிக் காமிராவின் பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அதே வருஷம் நவம்பரில் தென் கொரியாவில் நான்கு பேர் பிடிபட்டார்கள். வீடுகளிலும் கடைகளிலும் இருந்த 1,20,000 காமிராக்களுக்குள் அவர்கள் புகுந்திருந்ததாகப் போலீஸார் சொன்னார்கள். அங்கேயும் காரணம் அதேதான்: எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு.

சாவிக்கொத்து யாரிடம்?

நம் பாட்டிமார்களின் இடுப்பில் சாவிக்கொத்துத் தொங்கியது. உக்கிராண அறை, பீரோ, கொல்லைக் கதவு எல்லாம் அதில் அடக்கம். யாருக்கு எந்த அறை திறக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கெட்டிக்காரச் சாமான்கள் வந்ததும் இந்தச் சாவிக்கொத்து சத்தமில்லாமல் கை மாறிவிட்டது.

காமிராவை மாட்ட வந்த கடைப் பையன் தனக்குச் சௌகரியமான பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ரூட்டர் கொண்டுவந்தவர் வீட்டு டெலிபோன் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டார். கணக்கு எல்லாம் கணவர் டெலிபோனில். அல்லது பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் டெலிபோனில். பகல் முழுவதும் அந்தக் காமிராக்களுக்கு நடுவே இருக்கும் அம்மாளுக்கு, அதை நிறுத்தக்கூடத் தெரியாது.

குடும்பம் ஒற்றுமையாக இருக்கும் வரையில் இது ஒரு குறையாகத் தோன்றாது. மனஸ்தாபம் வரும்போதுதான் இதன் விபரீதம் தெரியும். 2018-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, கொடுமைக்கு உள்ளான பெண்களின் அனுபவங்களை விசாரித்து எழுதியது. ஒருத்தி போட்ட ஏ.ஸி. தானாக அணைந்தது. இன்னொருத்தியின் வாசல் பூட்டின் எண் தினம் தினம் மாறியது. மற்றொருத்தி வீட்டில் வாசல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு, பிரிந்து போன மனிதர் டெலிபோனில் செய்துகொண்டிருந்த வேலை அது.

ஆகவே சகோதரிகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: உங்கள் வீட்டில் எந்தெந்தச் சாமான் இன்டர்நெட்டோடு இணைந்திருக்கிறது, அதன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்பதை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இது கணவரைச் சந்தேகிப்பது ஆகாது. பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்பதைப் போன்றதுதான். ஆனால் ஒரு பெண்ணுக்கு வீட்டிலேயே பயம் இருக்குமானால், சாமானைத் திடீரென்று பிடுங்குவதால் எதிராளியின் கோபம் அதிகமாகக்கூடும். அப்படிப்பட்டவர்கள் முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் யோசனை கேட்டுக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் கிணற்றில் போட வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

முதலாவது, ரூட்டர். இதற்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று, வைஃபையில் சேருவதற்கு. விருந்தாளிகள் வந்ததும் கேட்பது இதைத்தான். மற்றொன்று, ரூட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. இரண்டாவதுதான் வீட்டின் தலைச் சாவி. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒட்டிய சீட்டில் அது அச்சடித்திருக்கும். இரண்டையும் மாற்றிவிடுங்கள். பூட்டின் ரகம் WPA என்று வழங்கும் வரிசையில் இரண்டாவதாகவோ, 2018-ல் வந்த மூன்றாவதாகவோ இருக்க வேண்டும். பொத்தானை அமுக்கியோ எட்டு இலக்க எண்ணைப் போட்டோ இணைக்கும் குறுக்கு வழி ஒன்று பல ரூட்டர்களில் இருக்கும். அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்து ரூட்டர் சரிபார்ப்பதால், 11,000 தடவை முயன்றாலே கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. அதை அணைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு. குழந்தை பெயர், கல்யாண தேதி வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைக் கோத்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், ஞாபகத்திலும் நிற்கும். நினைவு வைத்துக்கொள்ள முடியாவிட்டால் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள். உலகத்தின் மறு கோடியில் இருக்கும் திருடன் உங்கள் பீரோவுக்கு வரமாட்டான். ரூட்டர் மேலேயே ஒட்டி வைப்பது மட்டும் கூடாது.

மூன்றாவது, இரட்டைத் தாழ்ப்பாள். பாங்கிக் கணக்குக்கு ஓ.டி.பி. வருவது போலவே, காமிராக் கணக்குக்கும் இரண்டாவது சரிபார்ப்பு உண்டு. அமைப்புகளில் தேடிப் போட்டுவிடுங்கள். மிஸிஸிப்பிக் குழந்தையின் அறைக்குள் வந்த குரலை இது வாசலிலேயே நிறுத்தியிருக்கும். அந்த எண்ணை யார் டெலிபோனில் கேட்டாலும் சொல்லக் கூடாது.

நான்காவது, திண்ணை. முன்காலத்தில் முன்பின் தெரியாதவர் வந்தால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்புவார்கள். உக்கிராண அறைக்குள் விடமாட்டார்கள். ரூட்டரிலும் அப்படி ஒரு திண்ணை உண்டு. விருந்தாளிகளுக்கான தனி வைஃபை என்று அதைச் சொல்லுவார்கள். பல்பு, டெலிவிஷன், காமிரா எல்லாவற்றையும் அந்தத் தனி வைஃபையில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக் கணக்கும் பாங்கி விவகாரமும் இருக்கும் கம்ப்யூட்டரும் டெலிபோனும் மட்டும் உள் வீட்டில் இருக்கட்டும். திண்ணைக்கு வந்த திருடன் திண்ணையோடு போவான்.

ஐந்தாவது, புதுப்பித்தல். ஓட்டை தெரிய வரும்போது நல்ல கம்பெனிகள் அதை அடைத்துப் புதுப் புரோகிராம் அனுப்புகின்றன. அதைத் தானாகவே ஏற்கும்படி வையுங்கள். வாங்கும்போதே, "இதற்கு எத்தனை வருஷம் புதுப்பித்தல் கிடைக்கும்?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு சாமானைப் பாருங்கள். பெயர் ஊர் இல்லாத மலிவுக் காமிரா, கதவில்லாத ஜன்னலுக்குச் சமம்.

ஆறாவது, வைக்கும் இடம். படுக்கை அறையிலும் உடை மாற்றும் இடத்திலும் காமிரா வேண்டாம். எந்தக் காமிராவையும், "இதில் தெரிவதை ஊரார் பார்த்தால் என் முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு மாட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது அதன் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். பேசும் ஒலிபெருக்கியின் மைக்கை அணைக்கப் பொத்தான் இருக்கிறது. சமையல்கார அம்மாள், வேலைக்கு வரும் பெண் இவர்களிடம் காமிரா இருப்பதைச் சொல்லிவிடுவது மரியாதை. எதிர் வீட்டு வாசலைப் பார்த்தபடி காமிரா வைப்பது அதைவிட மரியாதைக் குறைவு.

ஏழாவது, கழித்துக் கட்டுவது. பழைய காமிராவையோ ரூட்டரையோ காயலான் கடைக்குப் போடும் முன் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கணக்கிலிருந்தும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் கூடவே எடைக்குப் போய்விடக்கூடும்.

சட்டம் வருகிறது

பொறுப்பு முழுவதையும் வீட்டார் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று அரசாங்கங்களும் உணர்ந்துகொண்டன. கலிபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்து, விற்கும் ஒவ்வொரு சாமானுக்கும் தனிப் பாஸ்வேர்டு இருக்க வேண்டும், அல்லது முதல் உபயோகத்திலேயே மாற்றச் சொல்ல வேண்டும் என்று சட்டம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-ஆம் தேதியிலிருந்து, ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு சாமான் விற்கத் தடை. எத்தனை காலம் புதுப்பித்தல் தருவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவிலும் 2025 ஏப்ரலிலிருந்து, கண்காணிப்புக் காமிராக்கள் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறிய பிறகே விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதி அமலாகியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் வாங்கிச் சுவரில் மாட்டியவை மாட்டியபடியே இருக்கின்றன. அவற்றை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால்? முதலில் அந்தச் சாமானின் பிளக்கைப் பிடுங்குங்கள். கண்டதையும் கேட்டதையும் தேதி, நேரத்தோடு குறித்து, டெலிபோனில் தெரிவதைப் படம் எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பிறகு 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. படம் வெளியாகிவிட்டதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஒளித்து வைப்பதால் திருடனுக்குத்தான் லாபம். திருட்டுக் கொடுத்தவர் தலை குனிய வேண்டிய அவசியம் ஏது?

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. ரூட்டரின் அமைப்புகளைத் திறந்தால், இப்போது வீட்டு வைஃபையில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, குழந்தைகளையும் கூட அழைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அப்பா டெலிபோன் ஒன்று, அம்மா டெலிபோன் இரண்டு, டெலிவிஷன் மூன்று என்று சரிபாருங்கள். பட்டியலில் ஏதாவது ஒன்று கூடுதலாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். வேறு யாராகவும் இருக்கலாம். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். யார் என்று அப்புறம் நிதானமாக விசாரித்துக்கொள்ளலாம்.